பக்கம் 65 பார்க்க

முதல் கடிதத்தைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ‘திரும்பி வருகிறவர்கள்’ புத்தகத்தின் 58ஆம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் ‘பக்கம் 65 பார்க்க’ என்று அச்சாகியிருக்கிறது, ஆனால் புத்தகத்தில் மொத்தமே 64 பக்கம்தான், மீதியைப் பார்க்க எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று யாரோ ஒரு வாசகர் பொறுமையாக எழுதிக் கேட்டிருந்தார். அவள் அதை மற்ற கடிதங்களோடு சேர்த்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அந்தப் பதிப்பகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. கீழே இஸ்திரி போடும்போது எழும் ஆவி தரையின் இடுக்குகள் வழியாக ஏறி வந்து, தாளெல்லாம் எப்போதும் ஈரத் துணியின் வாசனையோடு லேசாகச் சுருண்டு கிடக்கும். அங்கே போட்டதெல்லாம் சாகசப் புத்தகங்கள். நாலைந்து நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் புத்தகத்தைப் பார்த்து ‘நீங்கள் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைகிறீர்கள்’ என்று வாசிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, பிழைக்கிறோமா சாகிறோமா என்று பார்க்கும் விளையாட்டுக்கான புத்தகங்கள். அவள்தான் அங்கே எடிட்டர். ஒரே எடிட்டர்.

முன்பெல்லாம் எந்தப் புத்தகமும் மூன்று குழுக்களாவது விளையாடிப் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். வாசல் வைக்க மறந்த அறை, சாவி எழுத மறந்த பூட்டு, எப்படி உருட்டினாலும் ஜெயிக்க முடியாத பேய் எல்லாம் அந்தச் சோதனை மேசையில்தான் பிடிபடும். வருடத்துக்கு நாலு புத்தகம் என்பது மாதத்துக்கு ஒன்று என்று ஆனபோது அந்த மேசைமேல் அட்டைப்பெட்டிகள் ஏறிவிட்டன. “சோதிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா புத்தகம் வராதும்மா, சோதனைதான் வரும். தப்பு இருந்தா வாங்கினவங்க சரி பண்ணிக்குவாங்க. விளையாட்டுதானே?” என்று முதலாளி சொன்னார். முதல் இரண்டு மாதம் அவளுக்கு மனது உறுத்தியது. மூன்றாம் மாதம் பழகிவிட்டது.

‘திரும்பி வருகிறவர்கள்’ லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் எழுதியது. பெரிய மீசை, சின்னக் குரல். அலுவலகத்தில் அவருக்கு மீசைக்காரர் என்றுதான் பெயர். கட்டுக்கட்டாகக் கையால் எழுதிக்கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூன்று முறை ‘முழுசாப் போட்டுருவீங்கல்ல?’ என்று கேட்டுவிட்டுப் போனார். அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நாலு ஃபாரத்துக்கு 64 பக்கம். மீசைக்காரரின் புத்தகம், பதிப்பகம் சேர்க்கும் பக்கங்களோடு கணக்குப் போட்டால் 66 வந்தது. இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட எந்த முதலாளி சம்மதிப்பார்? அவள் கடைசி இரண்டு தாள்களை உருவி எடுத்துவிட்டாள். படிக்கவில்லை. அவ்வளவு தூரம் யாரும் விளையாடப்போவதில்லை என்று தோன்றியது. அன்று மத்தியானம் மேசையில் டீ கொட்டியபோது கைக்குக் கிடைத்தது அந்தத் தாள்கள்தான். துடைத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எந்தச் சாகசப் புத்தகமானாலும் முன்பக்கத்தில் ‘சோதித்து விளையாடியவர்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல் இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். அவள் வாயில் வந்த நாலு பெயர்களை எழுதினாள். ஐந்தாவதற்குக் கற்பனை வறண்டுபோய்த் தன் தங்கையின் பட்டப்பெயரைப் போட்டாள்: குண்டூசி. அதோடு கடைசியில், புதிதாக விளையாட வருகிறவர்களுக்கென்று தயாராக ஒரு பாத்திரத்தின் குறிப்பும் தேவைப்பட்டது. உருவம், குணம், பயம், சின்ன வயதுக் கதை எல்லாம் ஒரு பக்கத்துக்கு வர வேண்டும். யோசிக்க நேரமில்லை. தங்கையையே எழுதிவிட்டாள். ஒல்லி, வாய் நீளம், பல்லிக்குப் பயம், யோசிக்கும்போது நகத்தைக் கடிப்பாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நான் எப்ப விளையாடினேன்? எனக்கு லூடோவே ஒழுங்கா வராது.”

“விளையாடலைன்னு யாருக்குத் தெரியும்?”

“நாலு பேரு என்னை நம்பி வாங்கி ஏமாந்தா பாவம் உனக்குத்தான் அக்கா. எனக்கு ஒரு புத்தகம் குடு, கடையில காட்டணும்.”

தங்கை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருவருக்கும் அப்பா அம்மா இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு, ஒரே ஒரு வாசல், ஒருவருக்கொருவர் அவர்கள் இருவர்தான்.

இரண்டாவது கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. கோடு போட்ட தாளில், பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்கள். ‘நாங்கள் தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். பக்கம் 65ஐ உடனே அனுப்பவும்.’ இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பதிப்பகத்தில் ஒரு நிரந்தரப் பதில் உண்டு. புத்தகத்தில் எங்கே ஓட்டை இருந்தாலும் அந்தப் பதிலை வைத்து அடைத்துவிடலாம். ‘இந்த இடத்தில் விளையாட்டை நடத்துபவர் தம் விருப்பம்போல் முடிவு செய்துகொள்ளலாம்.’ அதையே அனுப்பினாள்.

மூன்றாவது கடிதமும் அதே கோடு போட்ட தாளில் வந்தது. ‘விருப்பம்போல் முடிவு செய்தோம். எங்களோடு விளையாடியவனின் வீட்டு வாசலில் வந்து நிற்பது யார் என்று அவனுடைய அம்மாவுக்கே தெரியவில்லை. துடைப்பத்தால் அடித்து விரட்டுகிறார். அது போகாமல் அங்கேயே நிற்கிறது. அழுகிறதோ என்னவோ, பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.’

அன்றைக்குத்தான் அவள் 58ஆம் பக்கத்தை ஒழுங்காகப் படித்தாள். தானே எடிட் செய்த புத்தகம். கட்டத்துக்குள் இருந்தது இவ்வளவுதான்:

‘வீட்டிலிருந்து போகிறவர் ஒருவர். திரும்பி வருகிறவர்கள் இருவர். இருவருக்கும் ஒரே உருவம், ஒரே பேச்சு. ஒருவரைத்தான் உள்ளே வைத்துக்கொள்ளலாம். கதவுக்கு வெளியே இருப்பவர் முதல் சுற்றில் நிழலை இழப்பார். இரண்டாம் சுற்றில் குரலை. மூன்றாம் சுற்றில் முகத்தை. சுற்றுக்குப் பத்து நிமிடம். வந்தவர்களில் யார் உங்கள் ஆள் என்று கண்டுபிடிக்கவும், மற்றதைத் திருப்பி அனுப்பவும்: பக்கம் 65 பார்க்க.’

கீழே இஸ்திரிப் பெட்டி ‘உஸ்’ என்று மூச்சு விட்டது. அவள் பக்கங்களைப் புரட்டினாள். 64ஆம் பக்கத்துக்கு அடுத்தது அட்டையின் உட்புறம். அங்கே அடுத்த மாதம் வரப்போகும் புத்தகத்துக்கு விளம்பரம் இருந்தது.

மீசைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் எடுத்தபோது பின்னால் இரும்புக் கம்பிகள் உரசும் ஓசை கேட்டது. ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார்.

“சார், அந்தக் கடைசி ரெண்டு பக்கம்... உங்ககிட்ட காப்பி இருக்குமா?”

“எடுத்துட்டீங்களா?” அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது. “புத்தகமே அந்த ரெண்டு பக்கம்தான்மா. மத்ததெல்லாம் சும்மா.”

“ஞாபகத்துல இருக்கறத சொன்னீங்கன்னா ஒரு துண்டுத் தாள்ல அச்சடிச்சு...”

“ஞாபகத்துல இல்ல. எழுதினதே மறக்கறதுக்குத்தான். எழுதின அன்னிக்குத்தான் பதினோரு வருஷத்துக்கப்புறம் தூங்கினேன்.” கம்பிகள் மறுபடி உரசின. “முன்னாடி பேரெல்லாம் போட்டிருக்கீங்களே, விளையாடினவங்கன்னு. அவங்கெல்லாம் நல்லா இருக்காங்களா?”

அவள் புத்தகத்தின் முன்பக்கத்தைப் புரட்டி அந்த ஐந்து பெயர்களைப் பார்த்தாள்.

“அதுல நிஜமான ஆளுங்க எத்தனை பேரு?”

“ஒருத்தி.”

கம்பிகள் உரசும் ஓசை சட்டென்று நின்றது. பிறகு, “அவங்கள வெளிய விடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி அழைத்தாள். அவர் எடுக்கவில்லை.

அவள் படித்தவள், பேய்க்கதைகளைத் திருத்தியே வயிறு வளர்ப்பவள். மாதத்துக்கு ஒரு பிசாசுக்கு நகமும் பல்லும் வைத்து அனுப்புகிறவளுக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் பயம் காட்டுவதா என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனாள். ஆனால் சனிக்கிழமை காலை தங்கை கடைக்குக் கிளம்பியபோது, தனக்குக் காய்ச்சல் என்றும் துணைக்கு இரு என்றும் பொய் சொன்னாள். தங்கை நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “இட்லி அவிக்கலாம் போல கொதிக்குது பாரு” என்று உதட்டைச் சுழித்தாள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்துகொண்டாள். அக்கா கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கதவுகள் தாமாக ஒருமுறை ஆடி நின்றன, எங்கோ ஒரு தகரம் படபடத்தது, சூடான சிமெண்டில் முதல் தூறல் விழும் புழுதி வாசனை வீட்டுக்குள் மெதுவாகப் பரவி மூலையெல்லாம் போய் உட்கார்ந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே தங்கையின் குரல் கேட்டது: “அக்கா, மழை! மாடில துணி!”

“போகாதே!” என்று கத்தினாள். வாசல் கதவு சாத்திக்கொள்ளும் ஓசை கேட்டது.

சோப்பு நுரையோடு உடையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தபோது கூடம் காலியாக இருந்தது. கடிகாரம் நாலு மணி காட்டியது. கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்க்கலாமா என்று கை போனது, பார்க்கப் பயமாக இருந்தது. நின்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, செருப்பு தடதடவென்று படியிறங்கி வந்தது. கதவு திறந்தது. நனைந்த தலையும் நெஞ்சோடு அணைத்த துணிக்குவியலுமாகத் தங்கை உள்ளே வந்தாள். குவியலின் உச்சியில் மஞ்சள் துண்டு.

“என்ன அப்படிப் பாக்கற? பேயறைஞ்ச மாதிரி?”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். தங்கையைக் கட்டிக்கொண்டாள். மழைத் தண்ணீரின் குளிர்ச்சி, ஈரத்துணி வாசனை, ஒல்லியான தோள். எல்லாம் அவள் தங்கைதான். மீசைக்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். தங்கை தரையில் உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் துண்டால் அவளுக்குத் தலை துவட்டினாள். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்த ஐந்து நிமிடம் அவள் வாழ்க்கையிலேயே நிம்மதியான ஐந்து நிமிடம்.

கதவு தட்டப்பட்டது.

“அக்கா, கதவத் திற. ஏன் தாழ் போட்ட? நனைஞ்சுட்டேன்.”

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. துண்டுக்குள் இருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. உள்ளே இருந்தவளின் கண்கள் விரிந்தன, உதடு வெளுத்தது.

“அக்கா,” என்றாள் கிசுகிசுப்பாக. “யாரு அது?”

கதவில் வெளியே பார்ப்பதற்கு ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு. அவள் எழுந்து போய் அதில் கண்ணை வைத்தாள். படிக்கட்டு விளக்கின் வெள்ளை ஒளியில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். நனைந்த தலை. நெஞ்சோடு அணைத்த துணிக்குவியல். உச்சியில் மஞ்சள் துண்டு. இவள் திரும்பித் தன் கையைப் பார்த்தாள். அதே துண்டு இங்கேயும் இருந்தது.

“அக்கா, விளையாடாத. குளிருது.”

“நீ யாரு?”

“யாரா? மாடிக்குப் போன குண்டூசி. கதவத் திறடி அக்கா.”

உள்ளே இருந்தவள் பின்னாலிருந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “திறக்காதே அக்கா. அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன்ல?”

அந்தக் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். வெளியே இருந்தவள் மிக மெதுவாகக் கேட்டாள்: “உள்ள யாருக்கா இருக்கா?”

மேசைமேல் அந்தப் புத்தகம் கிடந்தது. கடையில் காட்டவென்று தங்கைக்குக் கொடுத்த பிரதி. அவள் அதை எடுத்து 58ஐப் பிரித்தாள், கட்டத்தை மறுபடி படித்தாள். ‘யார் உங்கள் ஆள் என்று கண்டுபிடிக்கவும்’. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தத் தாள் டீயில் ஊறிப்போய் எந்தக் குப்பைமேட்டில் மக்கியதோ. படித்திருந்தால்? ஒரே ஒரு முறை கண்ணை ஓட்டியிருந்தால்? ஒருநாள், ஒரே ஒரு நாள், நாலு பேரை உட்காரவைத்து விளையாடிப் பார்த்திருந்தால் அந்தக் கட்டத்தைத் தொட்டதுமே யாராவது ‘65 எங்கே?’ என்று கேட்டிருப்பார்கள்.

நாலு பத்து. துளை வழியாகப் பார்த்தாள். வெளியே இருந்தவளுக்குப் பின்னால் சுவரில் நிழல் இல்லை. மாடிப்படிக் கைப்பிடியின் நிழல் இருந்தது. அவளுடையது மட்டும் இல்லை.

“அக்கா, எனக்கு என்னவோ ஆகுது.”

கேள்வி கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கைக்கு மட்டுமே தெரிந்த கேள்வி. அவசரத்தில் மனதில் என்ன வந்ததோ அதைக் கேட்டாள். “உனக்கு ஏன் குண்டூசின்னு பேரு வந்துச்சு?”

“ஒல்லியா இருந்தேன், வாயத் திறந்தா குத்துவேன்னு” என்றாள் உள்ளே இருந்தவள்.

“ஒல்லிக்குச்சி, ஆனா குத்துவேன்னு... அக்கா, இப்ப இது முக்கியமா?” என்றாள் வெளியே இருந்தவள்.

“எதுக்குப் பயம்?”

“பல்லி.”

“பல்லிக்குத்தான், உனக்குத் தெரியாதா? அக்கா, ப்ளீஸ்...”

வெளிக்குரல் லேசாகத் தேய்ந்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல. நாலு பதினாறு. இன்னும் நாலு நிமிடம். வேறு. வேறு ஏதாவது.

“சின்ன வயசுல உனக்குக் கை ஒடிஞ்சுதே. எந்தக் கை?”

“இடது கை” என்றாள் உள்ளே இருந்தவள் உடனே. “படியில நானே தடுக்கி விழுந்தேன்.”

வெளியே மூச்சு வாங்க வாங்க ஒரு குரல், தேய்ந்து, உடைந்து: “வலது கை. வலது கைக்கா. நானா எங்க விழுந்தேன்? நீதானே தள்ளிவிட்ட.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பயத்தைவிடப் பெரிய கோபம். தள்ளிவிட்டதா? நானா? என் தங்கையை நானா? அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் பக்கத்தில் இருந்தவள் நான். இடது கை, தானாக விழுந்தாள், அன்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்கிறது. வாசலில் நின்றுகொண்டு என் தங்கையின் வாயால் என்மேல் பழி போடுகிறது.

“போ!” என்று கத்தினாள். “நீ என் தங்கச்சி இல்ல. போயிடு!”

“அக்கா. அக்கா, நான்தான். அக்கா, கதவத்...”

நாலு இருபது.

குரல் அறுந்தது. கதவை உள்ளங்கையால் தட்டும் ஓசை மட்டும் தொடர்ந்தது. தட். தட். தட். அவள் காதைப் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு தட்டும் முதுகில் விழுந்தது. உள்ளே இருந்தவள் எதிரே உட்கார்ந்து இவள் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். “சரியாத்தான் பண்ணக்கா. அழாத. சரியாத்தான் பண்ண.” மழை. தட். மழை. பத்து நிமிடம் இவ்வளவு நீளமா?

நாலு முப்பதுக்குத் தட்டுவது நின்றது.

உள்ளே இருந்தவள் எழுந்தாள். ஒன்றுமே நடக்காததுபோல மடித்த துணிகளை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கக் கையை உயர்த்தினாள். ஈரச் சட்டையின் கை சரிந்து இறங்கியது. இடது முழங்கை முழுதாக நிமிரவில்லை, ஒடிந்து கூடிய கைக்கே உரிய கோணல். இவள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். இடதுதான். நான்தான் சரி.

அப்போது மடியில் பிரிந்து கிடந்த புத்தகத்தின்மேல் கண் போனது. கடைசிப் பக்கம். தயார்ப் பாத்திரம். அவள் அரை மணி நேரத்தில் எழுதித் தள்ளியது. ‘பட்டப்பெயர்: குண்டூசி. ஒல்லி. வாயைத் திறந்தால் குத்துவாள். பல்லிக்குப் பயம். சின்ன வயதில் படியில் தானே தடுக்கி விழுந்து இடது கை ஒடிந்தது.’

கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கே அச்சாகியிருந்தது.

சின்ன வயதின் அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. எதற்கோ சண்டை. இவளுடைய இரண்டு கைகள். தங்கையின் முதுகு. பிறகு, எல்லோரிடமும் ‘அவளே விழுந்துட்டா’ என்று சொன்னதும், மாவுக்கட்டோடு தங்கை அதை ஆமோதித்துத் தலையாட்டியதும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தங்கை பள்ளிக்கூட நோட்டில் கிறுக்கிக் கிறுக்கி எழுதினாளே. சோற்றைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டாளே. எல்லாம் இடது கையால். வலது கைதான் கட்டில் இருந்தது.

எழுந்தாள். துளையில் கண்ணை வைத்தாள்.

போகவில்லை. அங்கேயே நின்றது. துணிக்குவியல் காலடியில் சிதறிக் கிடந்தது. நனைந்த தலைமுடி, ஒல்லியான தோள், காலையில் இவளே தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை. முகம் இருந்த இடத்தில் தோல். வெறும் தோல். தாடையிலிருந்து நெற்றிவரை மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டியதுபோல. மூச்சு விடும் இடம் தெரியாமல் அந்தத் தோல் உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது. உள்ளே ஒட்டியது.

தாழ்ப்பாள்மேல் கையை வைத்தாள். மூன்றாம் சுற்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு திறந்தால் என்ன ஆகும்? எது உள்ளே வரும்? புத்தகத்தில் இல்லை. அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

“யாருக்கா வெளிய?” என்றது பின்னாலிருந்து தங்கையின் குரல். ரொம்பப் பக்கத்தில்.

அவள் வாய் தானாகத் திறந்தது. “யாரும் இல்ல.”

“அப்ப வந்து உக்காரு.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. வெளியே நின்றது தட்டுத் தடுமாறிச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டது. பிறகு வலது கையை உயர்த்தி, கோணலாய் நின்றுபோன முழங்கையைக் கண்ணாடித் துளைக்கு நேராகக் கொண்டுவந்து, அக்காவுக்கு நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டே நின்றது.